ட்ரம்பெட்டைப் பட்டப்படிப்பாகப் படிக்க வைக்கலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், மூன்று வருடமாக மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறான், கல்லூரியிலும் இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்படி ஒரு படிப்பு உண்டா, எங்கே சேர்ப்பது, படித்தால் சோறு போடுமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: பக்கத்து வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள், அதற்கு என்ன வழி. படிப்பு உண்டா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், உண்டு, ஆனால் பக்கத்தில் இல்லை. அங்கே சேர வாசித்துக் காட்டுகிற நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு, அதில் போய் நிற்கிற நிலையில் இவன் இருக்கிறானா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதை நான் வாசிப்பைக் கேட்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க இரண்டு வழி சொல்கிறேன், இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை நம்பலாம் எதை விடலாம் என்று உங்களுக்குத் தெரியும். தேவகோட்டைப் பக்கம் மாமா நடத்திய பேண்டு செட்டில் பதினொரு வயதில் ட்ரம்பெட்டைத் தூக்கினேன். கல்யாண ஊர்வலம், தேர்ப்பவனி, கட்சி மாநாடு எல்லாம் வாசித்தாயிற்று. பிறகு ராணுவ பேண்டில் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்து பச்மரியில் 1950-லிருந்து இருக்கிற ராணுவ இசைப் பிரிவில் பயிற்சி, பதினேழு வருடம் சர்வீஸ். இப்போது ஊரோடு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பல்கலைக்கழகத்தில் படித்தவன் இல்லை. என்னிடம் படித்த மூன்று பேரை வெளிநாட்டு நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தேன், ஒருவனுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தது, இரண்டு பேருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத இரண்டு பேரிடமிருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஜாஸ் என் துறை இல்லை, அதனால் கீழே சொல்வதெல்லாம் கிளாசிக்கல் வழியைப் பற்றித்தான்.

முதலில் நம் மாநிலம். அரசு இசைக் கல்லூரிகளில் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், நாதஸ்வரம், தவில், மிருதங்கம் என்று நம் இசைக்கான படிப்புதான். ட்ரம்பெட்டை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்க அங்கே வழியில்லை. இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரக் காரணமானவர் நம் கானாடுகாத்தான்காரர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார், அந்த வளாகத்திலேயே இசைக்கும் ஒரு கல்லூரி வைத்தவர், தமிழிசைக்கென்று கையிலிருந்து காசை இறைத்தவர். அவர் மண்ணில் பிறந்த பையனுக்கு ஊதுகுழலில் பட்டம் வேண்டுமென்றால் நாதஸ்வரம் இருக்கிறது, ட்ரம்பெட் இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, கல்லூரி வைத்த நோக்கமே வேறு. ஆனால் உங்கள் பையனுக்கு இது உதவாது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் மேற்கத்திய இசை முறையாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே மட்டுமில்லை, எந்த இடத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருடம் ட்ரம்பெட்டுக்கு வாரா வாரம் வருகிற ஆசிரியர் யார், அவர் எந்த வாத்தியக்காரர்?" என் மாணவன் ஒருவன் ஒரு நிறுவனத்தில் முழு வருடக் கட்டணம் கட்டிச் சேர்ந்தான், பியானோ ஆசிரியர்தான் அவனுக்கு ட்ரம்பெட் வகுப்பு எடுத்தார். நல்ல மனிதர், நல்ல இசை ஞானம், ஆனால் உதட்டுக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் இங்கே இருந்துகொண்டே தரத்தை ஏற்றிக்கொள்ள நடைமுறையில் இருக்கிற வழி, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள், அல்லது அதே மாதிரி லண்டனிலிருந்தே தேர்வு நடத்துகிற ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இன்னொரு அமைப்பின் தேர்வுகள். இரண்டும் எட்டு கிரேடு வரை போகும். ட்ரினிட்டியில் அதற்கு மேல் ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்., எஃப்.டி.சி.எல். என்று டிப்ளமோக்கள். ஏ.டி.சி.எல். என்பது தோராயமாகக் கல்லூரி முதல் வருடத் தரம், எல்.டி.சி.எல். கடைசி வருடத் தரம். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாவது கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக ஐந்தாவது கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும், ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதாலேயே நம் பிள்ளைகள் தியரியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டிலும் இப்போது வீடியோ பதிவு செய்து அனுப்பியே தேர்வு எழுதலாம், காரைக்குடியை விட்டு நகர வேண்டாம். நான் சர்வீஸிலிருந்து வந்த புதிதில் இந்த வசதி இல்லை, ஒரு பதினைந்து நிமிடத் தேர்வுக்காகப் பல்லவனைப் பிடித்து மெட்ராஸ் போய் வருவோம். ஆனால் கிரேடு எட்டு சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக் கல்லூரி இடம் கொடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குச் சான்றிதழ் ஒரு பொருட்டே இல்லை, எதிரே நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள்.

சரி, இப்போது அந்த வீட்டுச் சோதனை. பையனை உட்கார வைத்து, கீழ் டி ஸ்வரத்தை மெதுவாக, நீங்கள் பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். மேலே விரலால் அழுத்துகிற மூன்று பொத்தான்தான் வால்வு, அதில் ஒன்றாவதையும் மூன்றாவதையும் அழுத்துவான், அது சரிதான். நீங்கள் பார்க்க வேண்டியது இடது கையை. மூன்றாவது வால்வின் குழாயில் ஒரு வளையம் இருக்கும், அதில் விரலை விட்டு அந்தக் குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறானா? தள்ளினால் அவனுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்திருக்கிறார். தள்ளவில்லை என்றால் அந்த டி சுருதி ஏறித்தான் ஒலிக்கும், மூன்று வருடமாக அப்படித்தான் ஒலித்திருக்கும். காரணம் ரொம்ப எளிது. முதல் வால்வு ஒரு முழு ஸ்வரம் இறக்கும், இரண்டாவது அரை, மூன்றாவது ஒன்றரை. ஒவ்வொன்றின் குழாயும் தனியாக அழுத்தினால் சரியாக இருக்கும்படி அளந்தது. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் மொத்தக் குழாயும் நீண்டுவிடுகிறது, நீண்ட குழாய்க்கு அந்தப் பழைய அளவு பற்றாது. நாலு முழ வேட்டிக்கு எடுத்த கரையை எட்டு முழத்துக்குத் தைத்தால் எட்டுமா, அதே கதைதான். அந்தக் குறையை விரலால் இழுத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். பேண்டில் பத்துப் பேர் சேர்ந்து ஊதும்போது இது யார் காதிலும் விழாது. நுழைவுத் தேர்வில் எதிரே இருக்கிற மூன்று பேர் காதிலும் முதல் ஸ்வரத்திலேயே விழும். இன்னொன்று, அந்தக் குழாய் நகரவே நகராமல் இறுகிப்போயிருக்கலாம், பையன் மேல் தப்பு இல்லை. நம் ஊர் போர் தண்ணீரில் கழுவிக் கழுவி உள்ளே உப்பு படிந்து, எச்சிலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். என்னிடம் வருகிற பத்து ட்ரம்பெட்டில் ஆறு அப்படித்தான் வருகிறது. குத்துமதிப்பாகச் சொல்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாவது சோதனை, ஒரு மணி நேரம் வாசித்து முடித்ததும் அவன் உதட்டைப் பாருங்கள். மவுத்பீஸ் வட்டம் லேசாகத் தெரிவது சகஜம், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். செக்கச்செவேலென்று பள்ளமாகப் பதிந்து, சாப்பிட உட்காரும்போதும் அப்படியே இருந்தால் அவன் மூச்சால் வாசிக்கவில்லை, கைபலத்தால் அழுத்தி வாசிக்கிறான் என்று அர்த்தம். மேல் ஸ்வரம் போக அது குறுக்கு வழி, சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அங்கே அரை மணி நேரம் இருக்க முடியாது. உலகமே கொண்டாடிய லூயி ஆம்ஸ்ட்ராங் உதட்டைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசிக்காமல் இருக்க நேர்ந்தது, உதட்டுத் தசை கிழிகிற இந்தக் கோளாறுக்கே அவர் செல்லப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பல்லுக்குக் கம்பி போடுகிற உத்தேசம் இருந்தால் அதை இப்போதே முடித்துவிடுங்கள், தேர்வு வருடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், தெருவிலிருந்து. திறந்த வெளியில் ஊதினால் சத்தம் திரும்பி வராது, தான் வாசிப்பது தனக்கே கேட்காது, பக்கத்தில் பேஸ் டிரம் வேறு, அதனால் பையன்கள் இன்னும் ஓங்கி ஊதுவார்கள். வீட்டுக்கு வந்தால் நேர்மாறு. நம் பழைய செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில் நின்று ஊதிப் பாருங்கள், நாலு பக்கமும் பட்டாலை, கல் தூண், கண்ணாடி மாதிரி வழவழவென்று பூசிய சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், ஒரு ஸ்வரம் விட்டால் ஓடு வரை போய்ச் சுற்றிவிட்டு வரும். கத்துக்குட்டிகூட அங்கே வித்துவான்தான். தெருவும் கெடுக்கிறது, வளவும் ஏமாற்றுகிறது. நானே இதற்குச் சாட்சி. ஒரு தேர்வில் என்னை ஊர்வலத்துப் பாட்டெல்லாம் வாசிக்க விட்டுக் கேட்டுவிட்டு, பெரியவர் ஒருவர், "நல்லது, இப்போது நடு ஜி, தூங்குகிற குழந்தை எழுந்திருக்காத மாதிரி" என்றார். காற்றுதான் வந்தது, ஸ்வரம் வரவில்லை. எட்டு வருட அனுபவம், ஒரு மெல்லிய ஜி வரவில்லை! அன்றைக்கு எனக்கு வந்த வியர்வை கோடையில் தேர்ப்பவனியில்கூட வந்ததில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் தினமும் காலையில் முதல் இருபது நிமிடம் மெல்லிய நீண்ட ஸ்வரம் மட்டும்தான். உங்கள் பையனும் பஞ்சுத் தலையணை, துணிமணி இருக்கிற சின்ன அறையில்தான் பாதி நேரம் சாதகம் செய்ய வேண்டும். அங்கே சத்தம் வறண்டு கேட்கும், அவனுக்குப் பிடிக்காது, அதுதான் உண்மையான சத்தம்.

அடுத்து, படித்து வாசிப்பது. நம் பேண்டுகளில் எல்லாம் காது வித்தை, ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் வாசித்துவிடுவார்கள், இது சாதாரண விஷயம் இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். ட்ரம்பெட்டுக்கு அது ரொம்ப அவசியமும்கூட, ஏனென்றால் வால்வு எதையும் தொடாமலே சி, ஜி, மேல் சி, ஈ, ஜி என்று வரிசையாக ஸ்வரங்கள் இருக்கின்றன, எது வேண்டும் என்று விரல் சொல்லாது, மனசுக்குள் முன்கூட்டியே கேட்டிருந்தால்தான் உதடு அங்கே போகும். பாடத் தெரிந்த பையன் சீக்கிரம் தேறுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் கல்லூரியில் காது மட்டும் போதாது, தாளைப் பார்த்ததும் வாசிக்க வேண்டும், அதிலும் ஒரு சிக்கல். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் தாளில் சி என்று எழுதியதை வாசித்தால் கேட்பது பி ஃப்ளாட். நம் பாஷையில், ஒரு கட்டை என்று எழுதியிருக்கும், ஆறரைக் கட்டை கேட்கும். சரி, பழகிவிடலாம் என்றால், ஆர்கெஸ்ட்ரா தாளில் ஒரு பாட்டு டி ட்ரம்பெட்டுக்கு, ஒன்று ஈ ஃப்ளாட்டுக்கு, ஒன்று எஃப்புக்கு என்று எழுதியிருக்கும், அந்தக் காலத்தில் ட்ரம்பெட்டில் வால்வே இல்லை, பாட்டின் சுருதிக்குத் தக்கபடி குழாயை மாற்றிக்கொண்டார்கள். 1810-களின் கடைசியில்தான் ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை வந்தது. அந்தத் தாள்களை இன்றைக்கும் கையிலிருக்கிற ட்ரம்பெட்டில் மனசுக்குள்ளேயே சுருதி மாற்றிக்கொண்டு வாசிக்க வேண்டும். என் மாணவர்களில் ஒருவன் தோற்றது இங்கேதான். வாசிப்பில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, இரண்டு வரி சுருதி மாற்றி வாசிக்கச் சொன்னார்கள், நின்றுவிட்டான்.

என்ன வாசிக்கச் சொல்வார்கள் என்றால், கிளாசிக்கல் வழியில் ஹைடன் என்ற இசையமைப்பாளரின் ட்ரம்பெட் கன்சர்ட்டோ, அதாவது ட்ரம்பெட்டை முன்னால் நிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற உருப்படி, வராத தேர்வு குறைவு. 1796-ல், வால்வு வருவதற்கு முந்தி, புல்லாங்குழல் மாதிரித் துளையும் சாவியும் வைத்துப் பார்த்த ஒரு புது ட்ரம்பெட்டுக்காக எழுதியது. அதுவரை கீழ் ஸ்தாயியில் ட்ரம்பெட்டால் தாவத்தான் முடியும், படிப்படியாக நடக்க முடியாது, இதில் முதல்முறையாக நடக்கிறது. கேட்க எளிமையாக இருக்கும், அதனால்தான் ஒளிய இடமில்லை. அப்புறம் பயிற்சிக்கு 1864-ல் பாரிஸில் ஆர்பன் எழுதிய முறைநூல், ட்ரம்பெட்காரர்கள் வேதம் என்பார்கள், எழுதியது என்னவோ ட்ரம்பெட்டுக்குத் தம்பி மாதிரியான கார்னெட்டுக்கு. நமக்குச் சரளி வரிசை, ஜண்டை வரிசை எப்படியோ அப்படி. ஜெர்மனியில் இதோடு தியரி, காதுத் தேர்வு, கொஞ்சம் பியானோவும் கேட்பார்கள், பியானோவில் பெரிய வித்தை வேண்டாம், ஆனால் தொட்டதே இல்லை என்று போய் நிற்க முடியாது.

வெளிநாட்டுச் செலவைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பெரிய கன்சர்வேட்டரிகளில் நம்மவர்களுக்குக் கட்டணமே வருடம் 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல், விண்ணப்பம் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய வருடம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஜெர்மனியில் பல மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன் வூர்ட்டம்பர்க் மாதிரி சில இடங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் கட்டணம் இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணம், சுமார் 12 ஆயிரம் யூரோ, முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், ஜெர்மன் மொழியும் படித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் என்று ஒன்று, 1928-லிருந்து யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, ட்ரம்பெட்டுக்கு விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான், உலகமே அதற்கு வரிசையில் நிற்கிறது. தொகைகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

சோறு போடுமா? இங்கேதான் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வயலின் முப்பது பேர் உட்கார்ந்தால் ட்ரம்பெட் மூன்று நாலு பேர். நம் நாட்டில் முழுநேர ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத்தான் சொல்லலாம், அதிலும் வெளிநாட்டவர்கள் அதிகம். சினிமா ரெக்கார்டிங்கில் முன்பு பித்தளை வாத்தியக்காரர்கள் ஒரு வரிசையே உட்கார்ந்திருப்பார்கள், இப்போது பெரும்பகுதி கீபோர்டிலேயே முடிந்துவிடுகிறது. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன், சாக்ஸபோனுக்கு கத்ரி கோபால்நாத் என்று கச்சேரி மேடை திறந்தது, ட்ரம்பெட்டுக்கும் திறக்குமா என்று சிலர் கேட்பார்கள். கமகத்துக்கு மூன்று வால்வு ஒத்துழைக்காது என்பது என் எண்ணம், வேறு யாராவது வந்து என்னைப் பொய்யாக்கினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். நிச்சயமான மாதச் சம்பளம் என்றால் ராணுவம், காவல்துறை பேண்டுகள், பள்ளிகளில் பேண்டு மாஸ்டர். விமானப்படையும் கடற்படையும் இசைக்கலைஞர்களுக்கென்றே தனியாக அக்னிவீர் ஆள் எடுக்கின்றன, பத்தாம் வகுப்பு போதும், வாசித்துக் காட்ட வேண்டும். நாலு வருடம்தான், அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். என் காலத்து வேலை மாதிரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வேன் என்றால், ப்ளஸ் டூ முடித்ததும் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேன். அழகப்பாவிலோ வேறு எங்கேயோ பி.காம்., பி.ஏ. எது பிடிக்கிறதோ சேர்த்துவிட்டு, அந்த மூன்று வருடத்தில் எட்டாவது கிரேடு, ஏ.டி.சி.எல்., ஒரு வெளிநாட்டு மொழி. இருபது, இருபத்தொரு வயதில் நுழைவுத் தேர்வு. அங்கே அந்த வயதில் முதல் வருடம் சேர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெர்மனி போனவன் இப்படித்தான் போனான். உடனே அனுப்பினால்தான் ஆகும் என்று வாதாடுகிற ஆசிரியர்களும் உண்டு, உதடு இளசாக இருக்கும்போது திருத்துவது சுலபம் என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் திருத்த ஒரு நல்ல ஆசிரியர் போதும், அவர் வாரம் ஒரு நாள் ஆன்லைனில் இருந்தாலும் சரி. வாத்தியம் மட்டும் மாற்றுங்கள். பேண்டு செட்டுக்கு வாங்குகிற மீரட் ட்ரம்பெட் தெருவுக்குப் போதும், தேர்வுக்குப் போதாது. நல்ல கம்பெனியின் மாணவர் மாடல் ஒன்று, இன்னொருவர் வாசித்த செகண்ட் ஹேண்ட் ஆனாலும் பரவாயில்லை, வால்வு மூன்றையும் அழுத்தி விட்டால் டக்கென்று மேலே வருகிறதா, நாலு குழாயும் நகர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோயில் பேண்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவன் ஆசை அங்கேதான் வேர் விட்டிருக்கிறது. தேர்ப்பவனிக்கு மறுநாள் மட்டும் மெல்லிய நீண்ட ஸ்வரம் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கடைசியாகப் பக்கத்து வீடு. ப்ராக்டிஸ் ம்யூட் என்று ஒன்று விற்கிறது, ட்ரம்பெட்டின் விரிந்த வாயில் செருகினால் அடுத்த அறைக்கே லேசாகத்தான் கேட்கும். ஆனால் சுருதி கொஞ்சம் ஏறும், காற்று எதிர்த்துத் தள்ளும், அதிலேயே பழகினால் கழற்றியதும் வாசிப்பு அலையும், அதனால் பாதி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீதிப் பாதிக்கு விடியற்காலை கண்மாய்க் கரைக்கு அனுப்புங்கள், தண்ணீருக்கு முகம் காட்டி நின்று மெதுவாக வாசிக்கட்டும், ஓங்கி ஊதினால் கொக்கெல்லாம் பறந்துவிடும், அவனுக்கே தெரிந்துவிடும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் எங்கேயும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பக்கத்து வீட்டு ஆச்சி தூங்குகிற நேரம்.